தலைக்கனம் பிடித்தவனின் விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் ஊழியன், இன்றைய இருக்கை எண் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

பெறுநர்: மனிதவளத் துறை, கண்ணாடி போர்த்திய கட்டடம், ஓ.எம்.ஆர்., சென்னை.

பொருள்: கழுத்து வலி – மானிட்டர் ஒன்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: நலவாழ்வு வாரம் குறித்த தங்கள் மின்னஞ்சல்.

ஐயா / அம்மையீர்,

நலவாழ்வு வாரத்தை முன்னிட்டுத் தாங்கள் அனுப்பிய கழுத்துத் தலையணை வந்து சேர்ந்தது. கம்பெனி லோகோ சரியாகப் பிடரியில் உட்காருகிறது. விமானத்தில் தூங்குகிறவர்களுக்காகச் செய்த பொருள் அது. தூங்கும்போது என் கழுத்துக்கு ஒரு குறையும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விழித்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது உண்டா என்று கேட்கவே இந்தக் கடிதம்.

தாங்கள் நடத்திய இணையக் கருத்தரங்கிலும் கலந்துகொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கேமராவை ஆன் செய்துவிட்டு, ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் உட்காருவது கெடுதல் என்று தெரிந்துகொண்டோம். அதில் காட்டிய ஒரு படத்தை மறக்க முடியவில்லை. நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை சுமார் 5 கிலோ. 30 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் சுமை 18 கிலோ. 60 டிகிரி குனிந்தால் 27. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014-ல் கணினி மாதிரி வைத்துப் போட்ட கணக்கு இது. செல்போனுக்குக் குனிகிறவர்களை மனதில் வைத்துப் போட்டார். குனிவது செல்போனுக்கா கம்பெனிக்கா என்று கழுத்துக்கு எங்கே தெரியப்போகிறது? 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி என்று 2022-ல் வந்ததும், ஆலைக்காரர்கள் சிப்பத்தை 26 கிலோவாக்கினார்களே, அதைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு, மேலே இன்னும் ஒரு கிலோ வைத்த மாதிரி. அவர்களுக்காவது வரி மிச்சம்.

படத்தைக் காட்டி முடித்த பயிற்சியாளர், "உட்காரும் முறையைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்றார். திருத்திக்கொள்கிறேன். ஆனால் மடிக்கணினியைச் செய்தவர்கள் திரையையும் கீபோர்டையும் கீல் போட்டுப் பிணைத்துவிட்டார்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் வேண்டும், முழங்கை விலாவை ஒட்டி மடிந்திருக்க வேண்டும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். கண்ணுக்குத் தோதாக வைத்தால் கை தோளுக்கு ஏறுகிறது. கைக்குத் தோதாக வைத்தால் தலை தொங்குகிறது. இதில் நான் எதைத் திருத்த?

வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அலமாரியிலிருந்து 'பொன்னியின் செல்வ'னை இறக்கி, 'புது வெள்ள'த்தை அடியில் போட்டு, 'சுழற்காற்று', 'கொலைவாள்', 'மணிமகுடம்' என்று அடுக்கிக்கொண்டே போனதில், 'தியாக சிகர'த்தின் மேல் ஏற்றிய பிறகுதான் திரை கண்ணுக்கு நேரே வந்தது. கல்கி ஐந்து பாகம் எழுதியது வீண்போகவில்லை. என் காசில் ஒரு கீபோர்டு வாங்கி மேசையில் வைத்தேன். கொஞ்ச நாளில் வலி பாதியாகக் குறைந்தது. அது எப்படியோ தங்கள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். எல்லோரும் ஆபீசுக்கு வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஐந்து பாகங்களையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கேட் பாஸ் இல்லாத பொருள் என்று வாசலிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறார்.

மானிட்டர் மேலாளர் நிலையிலிருந்துதான் என்பது தங்கள் கொள்கை. எங்கள் மேலாளரிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் காலண்டர். இன்னொன்றில் சாட்டைத் திறந்து எங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொன்னது தங்கள் கருத்தரங்கு. தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் புள்ளி மஞ்சளாகி, "இருக்கீங்களா?" என்று கேள்வி வந்து நிற்கிறது. இருக்கிறேன் என்று பதில் போட ஓடிவந்து உட்காருகிறேன். இந்த ஓட்டத்தை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெளிவுபடுத்தவும்.

மானிட்டர் கேட்டு டிக்கெட் போட்டேன். சாய்ந்து உட்காருவது எப்படி என்ற வீடியோவின் இணைப்பை அனுப்பிவிட்டு, "தங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்டீர்கள். பிசியோதெரபி பில்லை இன்ஷூரன்சுக்கு அனுப்பினேன். 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் பணம் வரும், வெளிநோயாளிக்குக் கிடையாது என்று திரும்பி வந்தது. படுத்துவிட்டால் கொடுப்பார்கள். நிமிர்ந்து நின்று வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்கு அந்த பாலிசியில் பத்தி இல்லை.

மாற்றுத் திட்டம் ஒன்றையும் தங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. நரம்பு சுருண்ட அந்தக் கால்களுக்கு முன்னால் என் கழுத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆகவே தி.நகர்ப் பக்கம் ஒரு கடையோடு ஒப்பந்தம் போட்டு, மதியத்துக்கு மேல் ஆள் மாற்றிக்கொள்ளலாம். நான் நின்றுகொண்டு புடவை மடிக்கிறேன். அந்தக் கடையில் நிற்கும் தங்கச்சி என் நாற்காலியில் உட்கார்ந்து எக்செல் ஷீட்டைப் பார்க்கட்டும். அந்த ஷீட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதால் தொழிலுக்குப் பாதகம் வராது. புடவை மடிப்பில்தான் வாடிக்கையாளர் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியாக ஒன்று. டாக்டர் சொல்லிக் கழுத்துக்குக் காலர் போட்டிருந்த நாட்களில், கூட்டங்களில் மேலாளர் சொன்னதற்கெல்லாம் என்னால் தலையாட்ட முடியவில்லை. அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அப்ரைசலில் 'குழுவோடு ஒத்துப்போதல்' என்ற இடத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறார். மானிட்டர் வருகிறபோது வரட்டும். டாக்டர் சீட்டை இணைத்திருக்கிறேன். அந்த இரண்டை மட்டும் இந்த மாதமே நான்காக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஊழியன்