நிற்கும் விமானமும் நடக்கும் மாடும்: டயோரமாக் கலையில் ஒரு திணை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய விமானம் ஒன்றைச் சிறிய அளவில் செய்து, அதைச் சுற்றித் தரை, ஆள், வண்டி, மரம் என்று ஒரு குட்டி உலகத்தை எழுப்பும் கலைக்கு டயோரமா என்று பெயர். இதில் விமானமே தலைவன், மற்றதெல்லாம் பக்கவாத்தியம் என்பது உலக வழக்கு. அவ்வழக்கு பிழையானது, டயோரமாவில் விமானம் வெறும் சாக்கு, நடக்கிற வேலை முழுவதும் மண்ணுக்கும் மாட்டுக்குமே நடக்கிறது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: அகமதாபாத் விமானத் திடல், 1932 அக்டோபர் 15. ஆய்வுக் கருவிகள்: பிளேடு ஒன்று, இடுக்கி ஒன்று, ரவைச் சல்லடை ஒன்று. கடைசிக் கருவியின் உரிமை குறித்த வழக்கு வீட்டில் நிலுவையில் உள்ளது.

1. முன்னோர் மொழிந்தவை

ஆய்வு என்றால் பிரான்சில் தொடங்குவதே மரியாதை. 1822-இல் பாரிஸில் லூயி டாகேரும் சார்ல் பூத்தோனும் டயோரமா என்ற பெயரில் ஓர் அரங்கைத் திறந்தார்கள். பிரம்மாண்டமான திரையில் தீட்டிய காட்சியின் மேல் ஒளியை மாற்றி மாற்றி விழவைத்து, பகலை இரவாக்கிக் காட்டினார்கள். இந்த டாகேர்தான் பிற்பாடு, 1839-இல், புகைப்படக் கலையால் உலகப் புகழ் பெற்றவர். நமக்கு வேண்டியது அதுவல்ல. மோன் பிளாங்க் மலைக்காட்சி ஒன்றின் முன்னால் அவர் உயிருள்ள ஆடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் ஆல்ப்ஸ் மலை, முன்னால் வைக்கோல் தின்னும் ஆடு. கூட்டம் எதைப் பார்த்திருக்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. துறையின் தந்தையே கால்நடைக்கு முன்வரிசை கொடுத்தார் என்பது நம் முதற்சான்று.

இரண்டாம் சான்று பிரிட்டனிலிருந்து. பறக்கும் பொம்மை விமானங்களை விற்றுவந்த ஃப்ராக் நிறுவனம், 1936-இல் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமானங்களை 1/72 அளவில் வெளியிட்டது. அவை பறக்கா. ஆகவே அந்த வரிசைக்குப் பென்குயின் என்று பெயர் வைத்தது. இறக்கை இருந்தும் தரையோடு கிடக்கும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்து விற்ற அந்த நேர்மைக்கு இத்துறை கடமைப்பட்டுள்ளது.

மூன்றாமவர் அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெயின். அவர் செய்த காட்சிகளை விளக்கும் தாள்கள் 1970களில் மோனோகிராம் நிறுவனத்தின் மாதிரிப் பொம்மைப் பெட்டிகளுக்குள் வந்தன. 1980-இல் டயோரமாவுக்கென்றே நூல் எழுதினார். காட்சிக்குள் கதை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கதை என்றால் ஆள் வேண்டும். ஆள் என்றால் நிற்க மண் வேண்டும். விமானம் இல்லாமலும் கதை நடக்கும். மண் இல்லாமல் நடக்காது.

2. ஆய்வுக் களம்

1932 அக்டோபர் 15 காலை கராச்சியின் டிரிக் ரோடு திடலிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு டி ஹாவிலண்ட் பஸ் மாத் விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒற்றை எஞ்சின், மேலே ஒற்றை இறக்கை, உள்ளே தபால் 25 கிலோ. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கராச்சி வரை கொண்டுவந்து சேர்த்த கடிதங்களைத் தெற்கே கொண்டுபோவதுதான் வேலை. நடுவில் அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பம்பாய் ஜுஹு திடலுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து தபாலை வாங்கிக்கொண்ட நெவில் வின்ட்சென்ட், பெல்லாரி வழியாகச் சென்னையில் கொண்டுவந்து இறக்கினார். பின்னாளில் ஏர் இந்தியா என்று ஆன கம்பெனியின் முதல் ஓட்டம் இதுவே.

அகமதாபாத்தில் எரிபொருள் எப்படி வந்தது? பர்மா ஷெல் கம்பெனியின் நாலு காலன் டின்களில், மாட்டு வண்டியில். மணிக்கு நூறு மைல் போகிற யந்திரத்தின் மிச்சப் பயணம், நுகத்தடியில் பூட்டிய இரண்டு ஜீவன்களின் கையில், அதாவது காலில், இருந்தது. வானூர்தி வரலாற்றை எழுதியவர்கள் இந்த வண்டியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். டயோரமாக்காரனால் அப்படித் தாண்ட முடியாது. அவன் சக்கரத்துக்கு ஆரக்கால் செய்தாக வேண்டும்.

3. திணை ஆராய்ச்சி

தொல்காப்பியர் டயோரமாவைப் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்ததே போதும்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். புல் முளைத்த வெட்டவெளித் திடல் மேய்ச்சல் நிலமாகலின் முல்லை. அக்டோபர் 15 அந்த ஆண்டு புரட்டாசி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். காரும் முல்லைக்கே உரியது. கருப்பொருள்: மாடு இரண்டு. ஐயமற முல்லை. உரிப்பொருள்: இருத்தல். போனவன் வருமளவும் ஆற்றியிருத்தல் முல்லை ஒழுக்கம். இங்கே டின் வருமளவும் விமானம் ஆற்றியிருக்கிறது.

அற்றேல், முல்லைக்குச் சிறுபொழுது மாலையன்றோ, விமானம் நின்றது பகலிலன்றோ எனின், அறியாது கூறினாய். அது மயக்கம் என்று அமைத்துக்கொள்க. எண்ணெய் இன்றி நிற்பார்க்குப் பகலும் மாலையே.

சரி, இந்தத் திணையில் விமானத்துக்கு எங்கே இடம்? கருப்பொருள் பட்டியலில் தேடினால், இறக்கை உடைமை பற்றிப் ‘புள்’ என்பதில் அடக்கலாம். ஆனால் தெய்வம், உணா, மா, மரம் என்று நான்கைச் சொல்லி முடித்த பிறகே ஆசிரியர் புள்ளுக்கு வருகிறார். மாடு மூன்றாமிடம், விமானம் ஐந்தாமிடம். தரவரிசை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று.

4. அளவை இயல்

1/72 என்பது ஓரங்குலத்துக்கு ஆறடி. ஆறடி ஆள் ஓரங்குலத்தில் நிற்பான். 11.2 மீட்டர் இறக்கை விரிப்புள்ள பஸ் மாத் 156 மில்லிமீட்டரில் அடங்கும். ஓர் அஞ்சல் அட்டையின் மேல் நிறுத்தினால் இறக்கை நுனிகள் மட்டும் சற்று வெளியே நீளும்.

இந்த அளவில் இயற்கை ஒத்துழைக்காது. அரை சென்டிமீட்டர் எறும்பு திடலுக்குள் நுழைந்தால் அது 36 சென்டிமீட்டர் விலங்கு. தலைமுடி ஒன்றை எடுத்துக் கம்பியாக ஒட்டினால் அது ஐந்து மில்லிமீட்டர் கேபிள். ஆகவே, பெட்டியில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை நறுக்கி, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே உருட்டி உருட்டிக் காட்டி, பளபளப்பு ஏறித் தொய்யும் சமயத்தில் வெளியே எடுத்து ஒரே சீராக இழுக்க வேண்டும். முடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். சுடருக்குள்ளேயே இழுத்தால் அறுந்து சுருண்டுவிடும். எடுத்தபின் யோசித்தால் இறுகிவிடும்.

இனி நாலு காலன் டின். பழைய டீக்கடைகளிலும் மண்ணெண்ணெய்க் கடைகளிலும் நாம் பார்த்த அதே சதுரத் தகர டின்தான். முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் ஐந்து மில்லிமீட்டராகக் குறையும்: ஒரு பொன்னி அரிசியின் நீளம். அதற்கு நான்கு பக்கம், மேலே கைப்பிடி, ஒரு மூலையில் மூடி. ஒரு டின் செய்வது திறமை. வண்டி நிறையச் செய்வது விதி.

5. மண் இயல்

விமானப் பெட்டிக்குள் வழிகாட்டித் தாள் ஒன்று உண்டு. பாகம் 7-ஐப் பாகம் 8-உடன் ஒட்டுக என்று அது சொல்லும், ஒட்டினால் ஒட்டும். மண்ணுக்கு அப்படி ஒரு தாள் எந்த நாட்டிலும் அச்சாகவில்லை. விமானம் சில மாலைகளில் முடிவதற்கும், தரை மாதக்கணக்கில் இழுப்பதற்கும் இதுவே காரணம். இதை ‘மண் விதி’ என்று பெயரிட்டு ஆய்வுலகுக்கு வழங்குகிறோம்.

பிளைவுட் பலகை மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பரப்பி, காய்வதற்குள் மேடுபள்ளம் காட்டுவது எளிது. தூசிதான் கடினம். அரை மில்லிமீட்டர் மணல், 1/72 உலகத்தில் 36 மில்லிமீட்டர் ஜல்லி. ஜல்லியில் பஸ் மாத் இறங்காது. எனவே மண்ணை முதலில் ரவைச் சல்லடையிலும் பிறகு மல் துணியிலும் சலித்து, வஸ்திரகாயம் செய்த சூரணத்தைத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் மேல் தூவ வேண்டும். ஆய்வின் இந்தக் கட்டத்தில், “ஏங்க, உப்புமாவுக்கு ரவை சலிக்கணும், சல்லடை எங்க?” என்றொரு வினா சமையலறையிலிருந்து எழுந்தது. “ஆய்வுல இருக்கும்மா” என்று விடையளிக்கப்பட்டது. அன்று உப்புமா கிடையாது என்று தீர்ப்பானது.

புல்லுக்கு உலர்ந்த தேயிலைச் சக்கையும், வழுக்கையாகிவிட்ட பழைய பிரஷ்ஷின் மயிரும். வண்டித் தடத்துக்கு, சக்கரத்தையே ஈரத்தில் உருட்டினால் போதும். குளம்படிதான் நுட்பமானது. மாட்டுக் குளம்பு பிளவுபட்டது. பல்குத்தும் குச்சியின் முனையை மழுக்கி, நடுவே பிளேடால் ஒரு கீறு கீறி, காய்ந்தும் காயாத மண்ணில் லேசாக ஒற்றினால் இரட்டைப் பிறை விழும். முன்னங்கால் தடத்தை ஒட்டிப் பின்னங்கால் தடமும் விழ வேண்டும். இதற்காகத் தெருவில் போகும் மாட்டின் பின்னால் குனிந்தபடி நடக்க நேரிடலாம். அக்கம்பக்கத்தார் கேட்டால் ‘கள ஆய்வு’ என்க.

இந்த மண் இருந்த இடத்தில் இருப்பதில்லை. பளபளவென்று பெயின்ட் அடித்துக் காயவைத்த விமானத்தின் சக்கரத்தில், அடிவயிற்றில், வாலில் எல்லாம் அதை ஏற்ற வேண்டும். வாஷ் என்றும் டிரை பிரஷ் என்றும் இதற்குப் பல முறைகள் உண்டு. எல்லாவற்றின் சாரமும் ஒன்றே: விமானத்தைக் கடைசியில் மண்ணாக்குவது.

6. மாட்டியல்

கடையில் கிடைக்கும் மாட்டுப் பொம்மைகள் பெரும்பாலும் பொம்மை ரயில்காரர்களுக்காக 1/87 அளவில் செய்தவை. நாலரையடிக் காளை 1/72-இல் 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இவை 16-இல் நின்றுவிடும். வண்டியில் பூட்டினால் கன்றைப் பூட்டிய பாவம் சேரும். போதாததற்கு அவை ஐரோப்பியப் பசுக்கள். திமில் கிடையாது.

குஜராத்துக்கு உரியது காங்கிரேஜ் இனம். யாழ் போல் வளைந்து ஏறும் பெருங்கொம்பும் நிமிர்ந்த திமிலும் அதன் அடையாளம். எம்-சீல் பசையின் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பிசைந்து, உளுந்தளவு உருட்டி, தோளில் வைத்து, ஈரக் குச்சியால் பின்பக்கம் சாய்த்தால் திமில். மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து, அடியில் பசை ஏற்றித் தடிமனாக்கினால் கொம்பு. நம் காங்கேயத்தைப் பார்த்தே பழகிய கை, கொம்பைத் தன்னையறியாமல் ஈரோட்டுப் பக்கம் வளைக்கப் பார்க்கும். அடக்குக.

வண்டிக்கு வட்டை, குடம், ஆரக்கால், ஏர்க்கால், நுகத்தடி, கடையாணி. சிறிய உருவைக் கண்டு இகழாதே என்பதற்குத் தேரின் அச்சாணியை எடுத்துக்காட்டினார் வள்ளுவர். பத்து சென்டிமீட்டர் கடையாணி இந்த அளவில் 1.4 மில்லிமீட்டர், அது இடுக்கியிலிருந்து தெறித்துத் தரைவிரிப்புக்குள் விழுந்த பிறகு, மண்டியிட்டுத் தேடும்போது அந்தக் குறளின் ஆழம் முழுவதும் புலப்படும்.

7. மக்கட்பேறு

1/72 அளவில் ஆள் பொம்மைக்குப் பஞ்சமில்லை. பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலோர் போர் வீரர்கள். கையில் துப்பாக்கியோடு பிறந்தவர்கள். டின் தூக்குவோர் ஒருவரும் இல்லை. எனவே துப்பாக்கியை வெட்டி, தொப்பியைச் சீவி, எம்-சீலில் தலைப்பாகை கட்டி, மணிக்கட்டைத் திருப்பி டின்னைப் பிடிக்கவைக்க வேண்டும். அதே 1932-இல் ஜெனீவாவில் உலக ஆயுதக் குறைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தது. அத்தனை நாடுகள் கூடியும் ஆகாத காரியம் இங்கே ஒரு பிளேடால் ஆயிற்று.

விமானி ஒருவன்தான். அவனை எங்கே நிறுத்தினாலும் சும்மா நிற்பதாகவே தெரியும். சும்மா நிற்பதுதான் அப்போது அவன் வேலை.

8. தடையும் விடையும்

இத்துறையில் ஆணி எண்ணுவோர் என்றொரு பிரிவினர் உண்டு. உலோகத் தகட்டில் எத்தனை ரிவெட் என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணி, ஒன்று குறைந்தாலும் பஞ்சாயத்து கூட்டுவார்கள். பஸ் மாத்தின் உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது, இறக்கை மரத்தாலானது. ஆகவே அவர்களுக்கு இங்கே தொழில் குறைவு. ஓய்வு நேரத்தில் அவர்கள் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அக்காலப் படங்கள் கறுப்பு வெள்ளை. சிலவகைப் பழைய படச்சுருள்களில் சிவப்பு கருமையாகவும் நீலம் வெளிறியும் விழும். எனவே எந்த நிறத்துக்கும் வாதாடலாம், எவரும் தோற்பதில்லை. கவனிக்க: மாட்டின் நிறத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் சண்டை போட்டதில்லை. ஐயம் விமானத்துக்கே உரியது, மாடு உறுதிப்பொருள்.

விமானத்தை எடுத்துவிட்டால் காட்சியில் என்ன மிஞ்சும் என்பது அடுத்த தடை. ஒரு வண்டி, இரண்டு காளை, வண்டி நிறைய டின், ஒரு கதை மிஞ்சும். வண்டியை எடுத்துவிட்டாலோ, வெறுந்திடலில் எண்ணெய் இல்லாத ஒரு விமானம் மிஞ்சும். தபால் சென்னைக்குப் போய்ச் சேராது.

9. முடிவும் பரிந்துரைகளும்

வரலாற்று நூல் படிப்பவன் விமானத்தைக் காண்கிறான். டயோரமா செய்பவன், டின்னுக்கு மூடி ஒட்டும்போது, அந்த விமானம் எத்தனை பேர் தோளிலும் எத்தனை கால் குளம்பிலும் ஏறிப் பறந்தது என்பதைக் கையால் கணக்கெடுக்கிறான். வேறெந்த ஆய்வு முறையும் இவ்வளவு மெதுவாக இவ்வளவு சரியான முடிவுக்கு வந்ததில்லை. ஆகவே பரிந்துரைப்பன:

அ. ஆய்வாளர்களுக்குத் தனிச் சல்லடை வழங்க வேண்டும்.

ஆ. விமானப் பெட்டி தயாரிப்போர், பெட்டி ஒன்றுக்கு ஒரு ஜோடி மாடு, திமிலுடன், இணைக்க வேண்டும்.

இ. அருங்காட்சியகங்களில் பழைய விமானத்தைக் கூரையிலிருந்து தொங்கவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, தரையில் இறக்கி, பக்கத்தில் நாலு டின்னாவது வைக்க வேண்டும்.

ஈ. இந்த டயோரமாவின் பெயர்ப் பலகை இனிப் பின்வருமாறு அமைய வேண்டும்: ‘மாட்டு வண்டி, அகமதாபாத், 1932. பின்னணியில் விமானம்.’