கேட்டால் கிடைக்கும் வரிசை

லினக்ஸ் டெர்மினல் பற்றி இந்த வாரம் வேடசந்தூர் வட்டாரத்துக் கேள்விகள்.

'கவுண்ட்20', 'கவுண்ட்40', 'கவுண்ட்100' என்று நூல் கவுண்ட் வாரியாக ஃபைல் வைத்திருக்கிறேன். பட்டியல் பார்க்க 'எல்எஸ்' அடித்தால் 100 முதலில் வருகிறதே?
*– ஸ்பின்னிங் மில் ஊழியர், வேடசந்தூர்*

எல்எஸ் எண்ணாகப் படிக்காது, எழுத்தெழுத்தாகப் படிக்கும். 100-இன் 1, 20-இன் 2-ஐ முந்திவிடுகிறது. 'எல்எஸ் மைனஸ் வி' அடியுங்கள் (சின்ன வி). 20, 40, 100 என்று மில்லில் சொல்கிற வரிசையிலேயே நிற்கும்.

டிஸ்க் நிரம்பிவிட்டது. இடத்தை அடைத்திருப்பது யார்?
*– வீடியோ ஸ்டுடியோக்காரர், எரியோடு*

'எல்எஸ் மைனஸ் எல்ஹெச்எஸ்'. கடைசி எஸ் மட்டும் பெரிய எழுத்து. மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ முதல் வரியிலேயே அகப்படும். ஆனால் ஃபோல்டருக்கு நேரே தெரியும் அளவு, உள்ளே இருப்பவற்றின் கூட்டுத்தொகை அல்ல. அதற்கு 'டியூ மைனஸ் எஸ்ஹெச்' (இரண்டும் சின்ன எழுத்து) என்று அடித்து ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள்.

கடைசியாகத் திருத்திய ஃபைல் எது?
*– ஆசிரியை, குஜிலியம்பாறை*

'எல்எஸ் மைனஸ் எல்டிஆர்'. டி நேரப்படி அடுக்கும். ஆர் அதைத் தலைகீழாக்கும். புதியது கடைசி வரியில், உங்கள் கண்ணுக்கு நேரே வரும். ஃபைலைச் சாதாரணமாக 'சிபி' கொண்டு நகலெடுத்தால் நகலுக்குப் புதுத் தேதி விழும். ஆகவே பெயரிலேயே 2025-01-14 என்று ஆண்டு, மாதம், நாளாக எழுதிவிடுங்கள். எங்கே கொண்டுபோனாலும் வரிசை குலையாது.

'எல்எஸ்' கட்டளையின் பெயர் ஏன் இரண்டே எழுத்து?
*– கல்லூரி மாணவர், வடமதுரை*

1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே எல்எஸ் இருக்கிறது. அன்றைய டெலிடைப், நொடிக்குப் பத்து எழுத்துதான் அச்சடிக்கும். எழுத்தை மிச்சம் பிடித்தவர் பிழைத்தார்!

'பழனி', 'பவானி' என்று தமிழில் பெயர் வைத்தால் பழனி முன்னால் வருகிறது. சரியா?
*– தமிழார்வலர், அய்யலூர்*

முருகனுக்கு முதல் மரியாதை சரி; அரிச்சுவடிக்கு அது சரியில்லை. ய, ர, ல, வ, ழ என்பது நம் வரிசை; பவானிதான் முதலில் வரவேண்டும். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி தரத்தின் அடுக்கை யூனிகோட் ஏற்றதால், அங்கே ழ-வுக்குப் பின்னால் வ. உங்கள் லொகேல் (கணினியின் மொழி அமைப்பு) 'சி' என்றிருந்தால் எல்எஸ் எழுத்துகளின் யூனிகோட் எண்களைத்தான் பார்க்கும். தமிழ் லொகேலை நிறுவி, 'எல்சி_ஆல்' மதிப்பை அதற்கு மாற்றுங்கள். நம் எழுத்து வரிசை கணினியிலும் நிலைக்க வேண்டுமானால், அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும்.