மத்தளத்துக்கு மூன்று விலைமனு

1931இல் எட்கார் வரேஸ் 13 பேருக்காக ஒரு தாளவாத்திய உருப்படியை எழுதி முடித்தார். அதில் இரண்டு சைரன்களும் உண்டு. 1950இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் தாளவாத்தியக் குழுவைப் பாடமாகவே ஆக்கியது. இன்று அங்கே பல பல்கலைக்கழகங்கள் காசைப் பகிர்ந்து புது உருப்படிகளை எழுதுவிக்கின்றன; பதிப்பகங்கள் அச்சிட்டு விற்கின்றன.

மட்டக்களப்பின் கதிரவெளிப் பக்கம் பார்த்தால்தான் கவலை. மட்டக்களப்புக் கூத்தில் அண்ணாவியார் இடுப்பில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு களரியில் நிற்கிறார். வடமோடி, தென்மோடித் தாளக்கட்டுகளை வாயாலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார். ஆணைக்கடிதம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, பதிப்புரிமைப் பக்கம் இல்லை. இப்படியா ஒரு கலையை வளர்ப்பது?

உடனே ஒரு குழு அமைக்க வேண்டும். அதைக் கண்காணிக்க ஓர் உபகுழு. மத்தளத்துக்கோ பறைமேளத்துக்கோ புது உருப்படி வேண்டுமா, மூன்று பேரிடம் விலைமனு கோரட்டும். குறைந்த விலைக்கு அடிப்பவருக்கே வேலை. ஓர் அடிக்கு எவ்வளவு என்று கணக்காய்வாளர் கேட்பார். கேட்கத்தானே வேண்டும்!

முன்னுதாரணம் மண்ணிலேயே இருக்கிறது. வாசிக்க ஆளில்லாமல் மறைந்துபோன யாழுக்கு, காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். ஆகவே பறையடிக்கவும் ஆளில்லாமல் போகும்வரை பொறுத்திருப்பதே ஒழுங்கு.

அவசரக்காரருக்கும் வழியுண்டு. ஜோன் கேஜ் 1952இல் ஆக்கிய 4 நிமிடம் 33 விநாடி உருப்படியில் வாத்தியக்காரர் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. அச்சுப்பிரதி மட்டும் விலைக்குக் கிடைக்கிறது. குழு அதையே பரிந்துரைக்கலாம். போக்குவரத்துப் படி மிச்சம். கதிரவெளியிலிருந்து மேளகாரர் வரவும் தேவையில்லை.