மாப்ள ஹூஸ்டன் போறாரு

வாய்யா மாப்ள, குந்து. விசா குத்தியாச்சாமே. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்ச சேதி உங்க அத்தை காதுக்கு நேத்துதான் வந்துச்சு. போயிட்டு வா. உன் மச்சான் வூடு இருக்கு அங்க, பேரன் பொறந்தப்ப நானும் போயி இருந்துட்டு வந்தவன்தான். நாலு வார்த்த சொல்றேன், கேட்டாக் கேளு, கேக்காட்டி போ. நீ எதைக் கேட்ட இதுவரைக்கும்.

அங்க போயி மலை எங்க, அருவி எங்கன்னு தேடாத. அதெல்லாம் வேணும்னா கச்சிராயபாளையத்துலேருந்து வெள்ளிமலைக்கு பஸ் ஏறணும். நீ இன்னும் ஏறல, அது வேற கதை. ஹூஸ்டன்ல மேடுன்னு ஒண்ணு கண்ணுல பட்டா அது மேம்பாலம். அமெரிக்காவுல நாலாவது பெரிய ஊரு, 23 லட்சம் சனம், ஆனா பொறந்த கதையக் கேட்டா சிரிப்ப. 1836-ல ஆலன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு, நியூயார்க் பக்கத்து ஆளுங்க, ஓடைக்கரையில சேத்துக்காட்ட 6,600 ஏக்கருக்கு மேல வளைச்சுப் போட்டு, மனை விக்குதுன்னு பத்திரிகையில விளம்பரம் குடுத்தாங்க. கடக்காத்து வீசும், நல்ல தண்ணி, ஒடம்புக்கு ஒசந்த எடம்னு எழுதினாங்க. நம்பி வந்தவனை வரவேத்தது கொசு. விளம்பரம் குடுத்த தம்பிக்காரன் 1838-லயே காய்ச்சல்ல போயி சேந்துட்டான். நம்ம சேலம் பைபாஸ் ஓரத்துல கலர் கொடி நட்டு மனை விக்கிறானுவளே, அவனுவ ஆலனுக்கு ஒரு படம் மாட்டி மாலை போடணும்.

ஆனா பாரு, அந்தப் புளுகைப் பின்னால வந்தவங்க நெசமாக்கிப்புட்டாங்க. கடல் ஊருக்குள்ள இல்லியா? ஓடைய ஆழமா வெட்டி 1914-ல கப்பலையே உள்ள கொண்டாந்துட்டாங்க. வாஷிங்டன்ல குந்திக்கிட்டு ஜனாதிபதி வில்சன் பொத்தானை அழுத்த, இங்க பீரங்கி வெடிச்சுதாம் தொறப்பு விழாவுக்கு. காத்து வரலியா? 1965-ல ஒரு விளையாட்டு மைதானத்துக்கே கூரை போட்டு ஏசி மாட்டினாங்க. வெயில்ல நடக்க முடியலியா? ஊரு நடுவுல பூமிக்கடியில 10 கிலோமீட்டர் பாதை, அதுக்குள்ள கடை, அதுக்குள்ளயும் ஏசி. சனி ஞாயிறுல போயி நின்னுடாத, பூட்டிக் கெடக்கும். ஆபீசுக்காரன் சோறு திங்கிறதுக்குன்னு உள்ள வழி அது. நான் அந்த ஊருல ரசிச்சது இந்த வீம்பைத்தான்.

நாசாக்காரன் எடத்துக்கு நீ எப்படியும் போவ, போட்டோ போடாம உனக்கு மூச்சு வராதே. 1969-ல நிலாவுல எறங்கினவங்க கூப்பிட்டுப் பேசினது இந்த ஊரைத்தான். சாட்டர்ன் 5 ராக்கெட்டு, 363 அடி. அதை நிக்க வெக்காம, நம்ம ஆதிதிருவரங்கத்துப் பெருமாளாட்டம் படுக்க வெச்சிருக்கான். திருக்கோவிலூர் கோபுரமே 192 அடிதான், கணக்குப் போட்டுக்கோ. அதுக்குப் பக்கத்துல நின்னு படம் எடுக்காத, அதுல நீ இருக்கியா இல்லியான்னு தெரியாது.

இன்னொரு கூத்து. சாயங்காலம் ஓடைப் பாலத்துக்கிட்ட ஊரே கூடி நிக்குது. என்னாடான்னு கேட்டா வௌவாலு! பாலத்துக்கடியில ரெண்டரை லட்சம் இருக்காம், பொழுது எறங்குனா பறக்குமாம். எங்க ஊரு ஆலமரத்தடியில அண்ணாந்து பாத்தா என்ன வுழும்னு சொல்ல வாயெடுத்தேன், உன் மச்சான் பொத்திட்டான்.

ஆடி ஆவணியில டிக்கெட் போடாத, அங்க புயல் காலம். 2017-ல ஹார்வின்னு ஒண்ணு வந்து, சில எடத்துல ஒரு மீட்டருக்கு மேல மழை கொட்டி, ரோட்டுல படகு வுட்டாங்க. மார்ச்சுல போ. மாட்டுத் திருவிழா, 1932-லேருந்து நடக்குது. நம்மாளு திமிலைக் கட்டிப் புடிப்பான். அங்க காளை மேலயே குந்தி 8 செகண்டு தாக்குப் புடிக்கணும். அஞ்சு வயசுப் பொடியனைச் செம்மறியாட்டு மேல ஏத்தி வுடுறான் மாப்ள, அவன் ஆத்தாக்காரி கை தட்டுறா! 2022-ல மொத பரிசு வாங்கின மாட்டை 10 லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்திருக்கான். ஏலக் காசு படிக்கிற புள்ளைங்களுக்குப் போவுதுன்னு சொன்னப்பதான் எனக்கு நெஞ்சு அடங்குச்சு.

பியர்லாண்டுல மீனாட்சி கோயில் இருக்கு, 1982-ல கட்டினது. உங்கம்மா கேப்பா, போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடு. நடந்து போறேன்னு கெளம்பிடாத. காரில்லாம அங்க எதிர்வூட்டுக்குக்கூடப் போவ முடியாது. கேட்டி ரோடு ஓர ரோட்டையும் சேத்தா 26 வழி வருதாம், உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைப் பாத்தே மெரள்ற நீ ஓட்டாத.

சோத்துக்கு மட்டும் வெக்கப்படாத. எது எங்க இருக்கணும்னு அந்த ஊருல சட்டம் கெடையாது. மூணு தடவ ஓட்டுக்கு வுட்டும் வேணாம்னுட்டாங்க சனங்க. சர்ச்சு, பக்கத்துல டயர் கடை, அதுக்குப் பக்கத்துல பிரியாணி. துருகம் ரோட்டுல வளந்தவனுக்கு இது என்ன அதிசயம்? ஹில்கிராஃப்ட் தெருவச் சுத்தின வட்டாரத்துக்கு 2010-ல காந்தி பேரு வெச்சாங்க, பொடவைக் கடை, மிட்டாய்க் கடையெல்லாம் அங்கதான். ஆனா நீ அங்கயே தோசை கேட்டு நின்னியோ, திரும்பி வந்தா இந்தத் திண்ணையில எடம் கெடையாது. 1975-க்கு அப்புறம் போர் முடிஞ்சு தப்பி வந்த வியட்நாம்காரங்க, அந்த ஊரு ஓடை எறாலை வேவ வெச்சு, வெண்ணெயும் பூண்டும் கொட்டிப் பெரட்டித் தராங்க. கையெல்லாம் வழியும், தொடச்சிட்டுத் தின்னு.

அங்க எவனைப் பாத்தாலும் வேற எங்கேருந்தோ வந்தவன். நீ எந்த ஊருன்னு கேப்பான். உன்னை எனக்குத் தெரியும், "சென்னைப் பக்கம்"னு வாய் கூசாம சொல்லுவ. அஞ்சு மணி நேரம் பஸ்ல போற சென்னை உனக்குப் பக்கமா? எனக்கு வாடகைக் காரு ஓட்டினவன் நைஜீரியாக்காரன். அவன் தன்னோட ஊரு, ஆறு, தாத்தா நெலம் வரைக்கும் சொன்னான். நானும் சொன்னேன், கல்வராயன் மலை அடிவாரம், கரும்பு போடுவோம், மரவள்ளி போடுவோம்னு. உன் மச்சான் அதை இங்கிலீசுல சொன்னதும் அந்தாளு ஸ்டியரிங்கை வுட்டுட்டுக் கைய தட்டினான். ஒலகத்துல அதிகமா மரவள்ளி போடுறது அவங்க நாடாம். வண்டிய நேரா அவன் ஊரு ஓட்டலுக்கு வுட்டான். மரவள்ளிய இடிச்சுக் களியா கிண்டி ஃபூஃபூன்னு வெக்கிறாங்க, கறிக்கொழம்புல முக்கி முழுங்கணும். நாம சேகோ மில்லு வாசல்ல மூட்டையோட நின்னு வெலை படியலன்னு பொலம்புற அதே கெழங்குதான். நீயும் போயி ஒரு உருண்டை தின்னு. தட்டு என்ன வெலைன்னு மட்டும் கேட்டு வந்து உங்கப்பன்கிட்ட சொல்லிடாத, அந்தாளு இந்தப் போகம் பூரா தூங்க மாட்டான்.