நம்சான் கல்லும் கிம் பெருக்கமும்: ஓர் ஆய்வு முன்னுரை

தென்கொரியாவின் 2000-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கிம் என்ற குடும்பப் பெயருடையோர் 21.6 சதவீதம். 2015-இல் 21.5. இந்த மாபெரும் வீழ்ச்சியை அறிவுலகம் கண்டும் காணாமல் இருந்துவிட்டது. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. அதே காலத்தில் கிம்கள் ஏழரை லட்சத்துக்கு மேல் கூடி ஒரு கோடியே ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்பது ஆய்வின் முடிவுக்கு இடைஞ்சலான தகவல். ஆகவே அது இத்துடன் விடப்படுகிறது.

கிம் நால்வகைப்படும். அவையாவன: பிறவிக் கிம், வாங்கிய கிம், பதிந்த கிம், மறைந்து மீண்ட கிம்.

பிறவிக் கிம்: பொருள் வெளிப்படை.

வாங்கிய கிம்: கொரியாவை ஆண்ட சோசன் அரசின் பிற்காலத்தில் யாங்பான் எனும் மேல்குடிக்கு மதிப்பும் இருந்தது, வரிச்சலுகையும் இருந்தது. காசு இருந்து பாட்டன் இல்லாதவர்கள் ‘சோக்போ’ என்ற வம்சாவளி ஏட்டில் காசு கொடுத்து இடம் பிடித்தார்கள். பாட்டனைப் பேரன் தேர்ந்தெடுத்த அரிய காலம் அது.

பதிந்த கிம்: 1894-இல் கபோ சீர்திருத்தம் குடிப்பிறப்பு ஏற்றத்தாழ்வைச் சட்டத்திலிருந்து நீக்கியது. 1909-இல் வந்த குடிப்பதிவுச் சட்டம் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்றது. அதுவரை வெறும் பெயரோடு நிம்மதியாக இருந்தவர்கள், வைப்பதுதான் வைக்கிறோம், ராஜா வீட்டுப் பெயராகவே இருக்கட்டும் என்றார்கள். பழங்கொரியாவின் சில்லா நாட்டு அரசர்களில் பெரும்பாலோர் கிம். கயா நாட்டு அரசரும் கிம்.

மறைந்து மீண்ட கிம்: 1940-இல் ஜப்பானிய ஆட்சி ஜப்பானியப் பாணியில் பெயர் வைக்கச் சொல்லி நெருக்கியது. 1946-இல் பழைய பெயர் திரும்பியது. இது சிரிப்புக்குரிய வகை அன்று, மேலே செல்க.

இனி ஆய்வின் கருப்பொருள். சியோலின் நடுவே நிற்கும் நம்சான் குன்றிலிருந்து கல்லெறிந்தால் அது கிம் தலையிலோ லீ தலையிலோதான் விழும் என்பது கொரியச் சொலவடை. கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது பாமரர் வழக்கம். ஆய்வாளர் அப்படிப் போகலாகாது. கிம் 21.5, லீ 14.7, கூட்டினால் 36.2. மூன்று கல்லில் ஒன்றுதான் சொன்னபடி விழும். மற்ற இரண்டும் பார்க், சோய் என்று வேறு தலை தேடிப் போகும். சொலவடையில் 63.8 சதவீதம் பொய் என்பது நிறுவப்பட்டது.

எறிந்தவர் யார்? அவரும் கிம்மாக இருக்கலாமே! பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 22 எறிக்கு ஒருமுறை கிம் எறிந்த கல் கிம் மேல் படும். இது வீட்டுச் சண்டையா, தெருச் சண்டையா?

இதற்கு விடை, இதுவரை எவரும் எழுதாத ‘எறிகல் விளக்கம்’ என்னும் நூலில் இல்லை. அந்நூலுக்கு இனிமேல் பிறக்கவிருக்கும் உரையாசிரியர் வரையப்போகும் உரையில், கரையான் மட்டுமே கரைகண்ட மூன்றாம் ஓலையின் மறுபக்கத்தில், எறிந்தவன் குன்றில் நிற்றலின் குறிஞ்சி, பட்டவன் ஊரில் நிற்றலின் மருதம், ஆகவே திணைமயக்கம் என்க என்று இருக்கும். கல் ஆற்றுக் கல்லாயின் முழுதும் மருதமே என்று எதிர்த்தரப்பு மறுத்து, தனி மாநாடு கூட்டி, தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொள்ளும்.

சிக்கல் அத்துடன் தீராது. எறிந்தவன் இளைஞன், பட்டவள் இளம்பெண், கட்டுப் போட்ட இடத்தில் காதல் என்று கொள்க. இருவரும் கிம்ஹே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம்களானால், ஒரே பெயரும் ஒரே பூர்விகமும் உடையோர் மணக்கலாகாது என்ற குடிமைச் சட்டத்தின் 809-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கிம்ஹே கிம்கள் மட்டும் நாற்பது லட்சத்துக்கு மேல். அத்தனை பேரும் பங்காளிகள். பெண் கிம்ஹே ஹியோவாக இருந்தாலும் வழக்கம் விடாது. கயா அரசன் சுரோவுக்கும் கடல் கடந்து வந்த அரசி ஹியோவுக்கும் பிறந்தவர்களில் இருவர் தாயின் பெயரைப் பெற்றார்கள் என்பது மரபு. அரசி ஆயுதா நாட்டவள் என்கிறது 13-ஆம் நூற்றாண்டின் ‘சம்குக் யூசா’ என்னும் கொரிய நூல். ஆயுதா அயோத்தியே என்பர் ஒரு சாரார். தமிழ்க் கடற்கரையே என்பர் மற்றொரு சாரார். இரண்டு சொல் ஒலியில் ஒத்துவிட்டால் கப்பலே விட்டுவிடும் ஆற்றல் இரு சாராருக்கும் உண்டு. 1997-இல் அரசமைப்பு நீதிமன்றம் 809-ஆம் பிரிவின் திருமணத் தடை அரசமைப்புக்குப் பொருந்தாது என்றது. 2005-இல் சட்டமும் திருத்தப்பட்டது. ஆகவே எறிந்த தேதியைக் கல்லிலேயே பொறித்து வைப்பது நலம்.

இதெல்லாம் ஓர் ஆய்வா என்போர் 1874-ஐ நோக்குக. குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற பிரான்சிஸ் கால்டனின் கேள்விக்குப் பாதிரியாரும் கணிதருமான ஹென்றி வாட்சன் விடை கண்டார். பெயர் மகன் வழியாக மட்டும் தொடர்வதாக வைத்துக் கணக்கிட்டு, மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயரும் ஒருநாள் அழியும் என்று முடித்தார். சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் இருந்ததை அவர் பார்க்கவில்லை. டேனிஷ் கணிதர் ஸ்டெஃபென்சன் 1930-இல் அதை எடுத்துக் காட்டினார்.

எஞ்சியது களப்பணி. மணமக்களுக்கு ஒரே குடும்பப் பெயர் என்ற சட்டம் நீடித்தால் 2531-இல் ஜப்பானியர் அனைவரும் சாட்டோ ஆகிவிடுவார்கள் என்று தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா 2024-இல் கணக்கிட்டார். சட்டத்தின் கோளாறைக் காட்டப் போட்ட கணக்கு அது. அங்கே அந்த ஆண்டில் ஒரே கல் போதும். சியோலுக்கு 22 வேண்டும். விமானக் கட்டணம், தங்கும் செலவு, நடுத்தர அளவில் 23 கற்கள் ஆகியவற்றுக்கு நல்கை கேட்டு ஆய்வாளர் விண்ணப்பித்திருக்கிறார். கற்களுக்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி இணைக்கும்படி பதில் வந்திருக்கிறது.