எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்?

சேலத்தில் வீடு கிடைப்பதற்கு வெகு முன்னதாகவே புரோக்கர் அண்ணன் கிடைத்துவிடுவார். ஐந்து ரோடு டீக்கடையில் நின்று, "ரெண்டு பெட்ரூம் கிடைக்குமா?" என்று நண்பரிடம் முணுமுணுத்தால் போதும். பக்கத்து பெஞ்சில் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்துவிட்டு, "மொத்தம் எத்தனை பேருங்க?" என்று எழுந்து வருவார்.

வெள்ளைச் சட்டை, இரண்டு போன், எக்ஸெல் வண்டி, முனை மடங்கிய டைரி. ஊர் விவரம் பூராவும் அவரிடம் உண்டு, அட்ரஸ் மட்டும் வாயில் வராது. "அஸ்தம்பட்டி ரவுண்டானா வந்து ஒரு போன் போடுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பார். அட்ரஸைச் சொல்லிவிட்டால் ஒரு மாத வாடகைக் கமிஷன் தானாக நடந்து போய்விடுமே!

"வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமுங்க."

"பழசா, புதுசாங்க?"

"உங்களுக்கு எது வசதியோ, அதுக்குப் பக்கமுங்க."

வீடு காட்டுவதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதல் வீடு குகைப் பக்கம். சாவி ஆத்தூர் போன ஓனர் மகனிடம் இருக்கும், ஜன்னல் வழியாகத்தான் பார்க்கவேண்டும். இரண்டாவது ஃபேர்லேண்ட்ஸில், வாடகையைக் கேட்டதும் நாமே செருப்பைத் தேடுவோம். வெயிலில் நாக்கு வறண்டு, எதற்கும் தலையாட்டும் பக்குவம் வந்த பிறகு அம்மாப்பேட்டை லைன் வீடு. அவர் மனதில் காலையிலிருந்தே இருந்தது இதுதான்.

ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வாசல், இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணி நம் அடுப்பை அணைத்துவிடலாம். பின்னால் விசைத்தறி ஓடும். "பழகிட்டா தறி நின்னாத்தாங்க தூக்கம் வராது" என்பார். பாத்ரூம் ஜன்னலில் எக்கி நின்றால் ஏற்காடு மலை தெரியும். அதற்கு வாடகையில் ஐந்நூறு கூடுதல்.

"குடிக்க மேட்டூர் தண்ணிங்க!" 1934இல் அந்த அணையைக் கட்டி முடித்தவர்கள்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்கள். எத்தனை நாளைக்கு ஒருதரம் வரும் என்று கேட்டால், "வர்ற அன்னிக்கு நல்லா வருமுங்க."

கரண்டுக்குத் தனியாக சப் மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு அறிவித்தது. இந்தக் காம்பவுண்டில் அந்த நூறும் ஓனர் வீட்டு ஃபிரிட்ஜுக்கு.

அடுத்தது விசாரணை. "சொந்த ஊருங்க?" நாமக்கல். "நாமக்கல்லுல?" மோகனூர். "மோகனூர்ல எந்தத் தெருங்க? குலசாமி எங்கீங்க?" கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் கிடையாதுங்க, ஓனர் கேப்பாரு" என்பார். அவர் எதிர்பார்த்த பதில் வராவிட்டால், காலையில் காலியாக இருந்த வீட்டுக்கு நேற்றே யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். அவருடைய மற்ற வித்தைகளுக்குச் சிரிக்கலாம். இதற்குச் சிரிப்பு வருவதில்லை.

நாமக்கல்லில் இவருடைய பங்காளி ஒருவர் இருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்காக வீடு தேடி வரும் அம்மாக்களிடம், "போன வருசம் இதே ரூம்ல இருந்த பையன் டாக்டருக்குப் போயிட்டானுங்க" என்று சுவரைத் தட்டிக் காட்டுவார். முட்டைக்குப் பேர்போன ஊரில் நின்றுகொண்டே, "ஓனர் சுத்த சைவமுங்க, முட்டைகூட ஆகாது" என்றும் சொல்வார்.

அட்வான்ஸ் பேச்சு வந்ததும் அண்ணனுக்குக் காது மந்தமாகிவிடும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. அண்ணன் நீட்டும் ஸ்டாம்ப் பேப்பரில் அந்த 'வேறு விதம்' எப்போதும் டைப் அடித்துத் தயாராக இருக்கும். வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டாமா என்றால், "பதினோரு மாசத்துக்கு எதுக்குங்க?" என்பார். பதினோரு மாதமானாலும் பதியத்தான் வேண்டும்.

ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். ஆகவே வீடு தேடுபவர்கள் ஆனி பிறந்ததும் கிளம்பிவிடுங்கள். அட்வான்ஸுக்குக் கையெழுத்து போட்ட ரசீது வாங்குங்கள். சாவி கைக்கு வருமுன் கமிஷன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.