பூங்காவுக்கு டர்ஃப் போடுவோருக்குச் சில யோசனைகள்

உங்கள் பாரா (பேட்டை) கிளப் பூங்காவில் புல் கருகிவிட்டதா? பக்கத்துப் பள்ளி மைதானம் சித்திரையில் புழுதி, ஆடியில் சேறு என்று கிடக்கிறதா? கவலை வேண்டாம். கொல்கத்தாவில் டர்ஃப், அதாவது பிளாஸ்டிக் புல், போடப் பணம் இருந்தால் போதும், யோசனை அவசியமில்லை.

முதலில் திறப்பு விழாவுக்கு நாள் குறியுங்கள். வடிகால் எல்லாம் பிறகு. நாள் டிசம்பரில் விழட்டும். குளிர்கால இளவெயிலில் கவுன்சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்துகூடப் பார்ப்பார். ஏப்ரலில் மட்டும் அவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். உச்சி வெயிலில் பிளாஸ்டிக் புல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். நிஜப் புல் நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இதற்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்கலாம், கொஞ்ச நேரம் தாங்கும். 'தண்ணீர்ச் செலவு மிச்சம் என்றுதானே வாங்கினோம்?' என்று பொருளாளர் கேட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

அடுத்தது கால். 1911 ஜூலை 29 அன்று கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தி ஐஎஃப்ஏ ஷீல்ட் கால்பந்துக் கோப்பையை வென்றபோது பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். அந்தப் படம் கிளப் சுவரில் மாட்டியிருக்கும். 'வெறுங்காலுடன் நுழையாதீர்' பலகையை அதற்குக் கீழேயே மாட்டிவிடுங்கள், ஆணி மிச்சம்.

எந்தக் கமிட்டியிலும் வரலாறு தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965-ல் கூரை போட்ட அரங்கம் கட்டினார்கள், கண் கூசுகிறதென்று கூரைத் தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள், வெளிச்சமில்லாமல் புல் செத்தது, அதனால்தான் மறு ஆண்டு பிளாஸ்டிக் புல் வந்தது என்பார். வெயில் வராத இடத்தில் போட்ட சரக்கு நமக்கு எதற்கு என்று முடிப்பார். அவரை விழாக் குழுவில் போட்டு வேலை கொடுங்கள்.

நம் ஊர் சால்ட் லேக் ஸ்டேடியத்தையும் பேச்சில் இழுப்பார்கள். 2011-ல் அங்கே செயற்கைப் புல் வந்தது. அந்த செப்டம்பரில் மெஸ்ஸியே வந்து வெனிசுலாவுக்கு எதிராக ஆடினார். 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை வந்தபோது அங்கே இருந்தது நிஜமான பெர்முடா புல். பதினேழு வயசுப் பையன்களுக்கு நிஜப் புல், ஏழு வயசுக் குழந்தைகளுக்கு பிளாஸ்டிக்கா என்று யாராவது கேட்டால், நிகழ்ச்சி நிரலின் அடுத்த அம்சத்துக்குப் போய்விடுங்கள்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் டர்ஃப் உபயோகம்தான். கீழே ஜல்லியும் குழாயும் ஒழுங்காகப் போட்டிருந்தால் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பந்து உருட்டலாம். ஆனால் குழாய்த் தண்ணீர் தெருச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். தெருவே குளமாக நிற்கையில் அது எங்கே போகும்? புல்லுக்கு நடுவே தூவிய கறுப்பு ரப்பர் துகள்களும் மிதந்து கிளம்பும். பழைய டயரை அரைத்த துகள் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபரோடு இதன் விற்பனையை நிறுத்தச் சட்டம் போட்டிருக்கிறது. அதற்குள் மலிவாகக் கிடைக்கும், பேரம் பேசுங்கள்.

கடைசியாகத் துர்கா பூஜை. கான்ட்ராக்டரிடம் இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள், ஓடிவிடுவார். இந்த ஊரில் பூங்கா என்றால் பந்தல் போடும் இடம். தேசப்ரியா பார்க், மேடக்ஸ் ஸ்கொயர் எதை வேண்டுமானாலும் பாருங்கள். மூங்கில் நடக் குழி தோண்ட வேண்டும். மண் என்றால் தசமிக்குப் பிறகு மூடி, ஒரு மழை பெய்தால் அறுகம்புல் தானாகப் படரும். டர்ஃபில் படராது. குழிக்குக் குழி வட்டமாக அறுத்து, அறுத்த துண்டுகளுக்கு நம்பர் போட்டு வையுங்கள். தசமி முடிந்த மறுநாளே ஒட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். காளி பூஜைக்கு மூன்று வாரம்கூட இருக்காது.